இரவல் நடை

என் கடைக்கு வருகிறவர்களின் முகம் எனக்கு அவ்வளவாக நினைவில் நிற்காது. பாளையங்கோட்டையில் சர்க்கரை நோயாளிகளுக்கு எம்.சி.ஆர். செருப்பு செய்து கொடுக்கும் கடை என்னுடையது. இருபத்தேழு வருஷமாகக் குனிந்தே கிடக்கிறேன். குதிகால் வெடிப்பையும் பெருவிரல் வளைவையும் பார்த்தால் ஆள் யாரென்று சொல்லிவிடுவேன். அதே ஆள் கல்யாண வீட்டில் எதிரே வந்து சிரித்தால் திருதிருவென்று முழிப்பேன். "திரவியம் அண்ணாச்சிக்குத் தலைக்கனம்" என்று ஊரில் ஒரு பேர் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும்.

செண்பகவல்லி முதன்முதலாக வந்தபோதும் காலைத்தான் பார்த்தேன். ஸ்கேன் சென்டரில் வேலை பார்க்கும் இருபத்தெட்டு வயசுப் பெண். இடது பாதம் லேசாக வெளிப்பக்கம் சாய்ந்து விழுகிறது. சர்க்கரை இருக்கிற கால் இல்லை.

"எனக்கும் போன்சாய் மரம் வளக்கணும்னு ஆசை, அண்ணாச்சி. குளோரி அக்கா அனுப்பிச்சாங்க" என்றாள்.

அது எங்கள் அடையாளச் சொல். கடையில் வேறு ஆளில்லை என்று பார்த்துக்கொண்டு ஷட்டரைப் பாதி இறக்கினேன். வருஷத்துக்கு ஒருமுறை திருச்சிக்குத் தெற்கே ஒரு கல்யாண மண்டபத்தில் நாங்கள் கூடுகிறோம். ஆணை நேசிக்கும் ஆண், பெண்ணை நேசிக்கும் பெண், திருநங்கை, திருநம்பி என்று எல்லோரும் உண்டு. இருபத்தோரு வயசு முடியாத யாரையும் சேர்ப்பதில்லை. வாசலில் 'போன்சாய் வளர்ப்போர் சங்கம்' என்று பேனர் தொங்கும். மண்டபத்து மேனேஜர் சந்தேகப்படக் கூடாதே என்று தொட்டியில் ஒரே ஒரு குட்டி ஆலமரத்தை வருஷா வருஷம் தூக்கிக்கொண்டு போவோம். பாவம், அது எங்களைவிட அதிகமாகப் பயணம் செய்திருக்கிறது.

அங்கே போய்த் திரும்புகிறவர்களைப் பத்திரமாக வீடு சேர்ப்பது என் பொறுப்பு. ஏழு வருஷமாகச் செய்கிறேன்.

"வீட்டுல கண்ணு போட்டிருக்காவளா?" என்று கேட்டேன்.

"அண்ணன் போட்டிருக்கான். அப்பா போனதுக்குப் பொறவு அவன்தான எல்லாம்."

துணைக்கண் என்பது அரசாங்கம் வைத்த பேர். காணாமல் போன ஒரு பிள்ளையைத் தேடுவதற்காகத்தான் ஆரம்பித்தார்கள், அதில் குற்றம் சொல்ல மாட்டேன். இப்போது கல்யாணமாகாத யார்மீதும், அவர் நாற்பது வயசுக்காரராக இருந்தாலும், வீட்டுத் தலைவர் ஒருவர் விண்ணப்பம் போட்டால் போதும். அந்த ஆள் மாவட்ட எல்லையைத் தாண்டியதும் வீட்டுக்குக் குறுஞ்செய்தி வந்துவிடும்.

"முகத்தைத் துப்பட்டாவால மூடிக்கிட்டுப் போனா தெரியுமா?"

"மூஞ்சி யாருக்குட்டி வேணும்? அது நடையைப் பாக்குது. பஸ் ஸ்டாண்டு, ரயிலடி, கடைத்தெரு, எல்லாத்துலயும் தூணுக்குத் தூணு காமிரா. எவ்வளவு எட்டு வைக்கிற, குதிகால் எப்படி விழுது, இடுப்பு எப்படித் திரும்புதுன்னு பாக்கும். சேலையை மாத்தலாம், நடையை மாத்த முடியாதுல்லா."

"அப்ப நொண்டி நொண்டிப் போனா?"

"யார் நடையோடவும் ஒத்துவராத நடைன்னா அங்கனயே போலீஸ் வந்து நிக்கும். நீ இன்னொருத்தர் நடையில போகணும். அதுக்குத்தான் இந்தச் செருப்பு. உள்ள வைக்கிற மெத்தையில அங்கங்க மேடு, பள்ளம் வச்சிருவேன். உன் கால் தானா அந்த ஆள் மாதிரி நடக்கும்."

"அந்த ஆள் யாரு அண்ணாச்சி?"

"அதை மட்டும் கேக்கக் கூடாது. எனக்கே தெரியாது."

அது உண்மைதான். சர்க்கரை நோய் முகாம்களுக்குப் போகும் ஒரு நர்ஸம்மா எங்களுக்கு வேண்டியவர். யாரும் கண் போடாத ஆட்களாக, பெரும்பாலும் வயசான பெண்களாகப் பார்த்து, பக்குவமாகப் பேசி நடையைப் பதிந்து வருவார். என்னிடம் வருவது ஒரு எண்ணும் ஆபத்துக்கு ஒரு போன் நம்பரும்தான். நடை கொடுத்தவர் அந்த இரண்டு நாளும் வாசற்படி தாண்டக் கூடாது. ஒரே நடை ஒரே நேரத்தில் இரண்டு ஊரில் தெரிந்தால் வம்பு. முன்பின் தெரியாத ஒருத்திக்காக இரண்டு நாள் வீட்டில் அடைந்து கிடக்கிற மனசு உள்ளவர்கள் இந்த ஊரில் மட்டும் பதினெட்டுப் பேர் இருந்தார்கள். நினைத்தால் எனக்கே ஆச்சரியமாக இருக்கும்.

செண்பகத்தின் நடைக்கு மிகவும் கிட்டத்தில் வந்தது பதினாறாம் எண். புதுசாக வந்த எண். மெத்தையில் பெரிதாக வேலையே இல்லை, இரண்டு இடத்தில் இழைத்ததும் சரியாகிவிட்டது. போட்டுக்கொண்டு கடைக்குள் நாலு தடவை நடந்துவிட்டு அவள் நின்றாள்.

"இரவல் நடை இடிக்கும்னு குளோரி அக்கா சொன்னாங்க. இது வீட்டுக்குள்ள நடக்கிற மாதிரி இருக்கு அண்ணாச்சி."

"உன் அதிர்ஷ்டம். கழட்டு."

நான் அப்படித்தான் பேசுவேன். உள்ளே இருக்கும் பயத்தை வேறு எப்படி மறைப்பது?

பயத்துக்குக் காரணம் இருந்தது. அதற்கு முந்தின வருஷம் அமலி என்ற பெண் கூட்டத்திலிருந்து திரும்பும்போது மெத்தை பிய்ந்துவிட்டது. மதுரையில் இறங்கி நாலு எட்டு சொந்த நடை நடந்திருக்கிறாள். நாலே எட்டுதான். ஊரில் பஸ்ஸை விட்டு இறங்குவதற்குள் வீட்டார் ஆறு பேர் வந்து நின்றார்கள். மூன்று மாதம் ஒரு அறையில் வைத்திருந்தார்கள் என்று பிறகு தெரிந்தது. நாலாம் மாதம் அவள் இல்லை. இருபத்தாறு வயசு.

அதனால் இந்த வருஷம் விதிகளைக் கடுமையாக்கினேன். போன் எல்லாம் அவரவர் வீட்டிலேயே இருக்கும், என் ஒரு போனைத் தவிர. இருவர் இருவராகத்தான் பயணம், ஆனால் பஸ்ஸில் பக்கத்தில் உட்காரக் கூடாது. போட்டோ கிடையாது. திரும்பும்போது இருபது நிமிஷத்துக்கு ஒரு ஜோடிதான் மண்டபத்தை விட்டுக் கிளம்பலாம். வீடு சேர்ந்ததும் 'மரத்துக்குத் தண்ணி ஊத்தியாச்சு' என்று ஒரு சேதி வர வேண்டும். கடைசிச் சேதி வரும்வரை நான் சாப்பிட மாட்டேன். பிய்ந்துபோகாத கறுப்பு ரப்பரில், ஒரே ஷீட்டில் வெட்டி, முப்பத்தெட்டு ஜோடியையும் என் கையாலேயே தைத்தேன். ஒன்றில்கூட எண்ணோ அடையாளமோ போடவில்லை. மாட்டினால் சாட்சியாகிவிடும் என்று பயம். என் வேலை சுத்தத்தில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. எல்லாம் ஒரே அச்சில் வார்த்ததுபோல இருந்தன.

சனிக்கிழமை எல்லோரும் பத்திரமாக வந்து சேர்ந்தார்கள். சமைத்தோம், சண்டை போட்டோம், வக்கீல் ஒருவர் வந்து சட்டம் சொல்லிக்கொடுத்தார், யார் எப்படி இரவல் நடை நடக்கிறார்கள் என்று கிண்டலடித்துச் சிரித்தோம். செண்பகம் முதல் நாள் முழுக்கச் சுவரோரமாகவே உட்கார்ந்திருந்தாள். இங்கே தன் பேரைச் சத்தமாகச் சொல்லலாமா என்று என்னிடம் இரண்டு தடவை கேட்டாள்.

ஞாயிறு காலை, கிளம்புவதற்கு முன் அமலிக்கு விளக்கேற்றினோம். திரியைக் கையில் வாங்கினேன். திரும்பிப் பார்த்தால் முப்பத்தெட்டுப் பேரும் செருப்புக் காலோடு நிற்கிறார்கள். செருப்பைக் கழற்றவே கூடாது, தூங்கும்போதுகூடப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று விதி போட்டவனே நான்தான். ஆனால் செத்துப்போன பிள்ளைக்கு ஏற்றுகிற விளக்குக்கு முன்னால் செருப்போடு நிற்பதற்கு எனக்கு மனசு ஒப்பவில்லை.

"எல்லாரும் செருப்பைக் கழட்டி வாசல்ல போட்டுட்டு வாங்க" என்றேன்.

என் வாயால் சொன்னேன். வேறு யாரும் சொல்லவில்லை.

விளக்கேற்றினோம், அழுதோம். அழுது முடித்ததும் யாரோ பாட்டுப் போட்டார்கள். அமலி ஆடாத கூட்டமே கிடையாது, அவளுக்காக ஆடுவோம் என்றாள் குளோரி. சுவரோரமாக இருந்த செண்பகத்தைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். அந்தப் பிள்ளை வெறுங்காலோடு, கூந்தல் அவிழ, கண்ணை மூடிக்கொண்டு அரைமணி நேரம் ஆடினாள். ஏழு வருஷத்தில் எத்தனையோ பேர் ஆடிப் பார்த்திருக்கிறேன். அப்படி ஒருத்தி சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை.

பதினொரு மணி ஜோடியில் செண்பகம் போய்விட்டாள். பதினொன்று இருபதுக்குக் குளோரி வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு நாலு எட்டு வைத்தவள் அப்படியே நின்றாள்.

"அண்ணாச்சி, இது எனக்குச் செஞ்சது இல்ல."

வாங்கி உள்ளே தடவிப் பார்த்தேன். மெத்தையில் இரண்டே இரண்டு இடத்தில் இழைத்திருந்தது. பதினாறு. குளோரிக்குச் செய்ததைச் செண்பகம் மாட்டிக்கொண்டு போயிருக்கிறாள். ஒரே கறுப்பு, ஒரே அளவு. இடித்திருக்கும்தான். இரவல் நடை இடிக்கும் என்று சொல்லியே அனுப்பியிருக்கிறோமே, இதுதான் அது என்று நினைத்திருப்பாள்.

குளோரியை மண்டபத்திலேயே இருக்கச் சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்து ஓடினேன். பஸ் ஸ்டாண்டில் நெல்லை பஸ் போய்விட்டிருந்தது. அவளிடம் போன் இல்லை. என் விதிதான்.

இரவல் கொடுத்தவருக்குச் சொல்லியாக வேண்டும். பதினாறாம் எண்ணுக்குப் போன் போட்டேன். ஒரு பெண் எடுத்தார். வயசான குரல்.

"உங்க நடையில வந்த பிள்ளை செருப்பை மாத்திப் போட்டுக்கிட்டுப் போயிட்டா. யாராவது வந்து உங்கட்ட விசாரிச்சா ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லிருங்க."

"இப்ப அவளுக்கு என்ன ஆவும்?"

"இன்னொருத்திக்குச் செஞ்ச மெத்தை. அதுல அவ நடையும் பாதி கலந்து வரும். அப்படி வந்தா அந்தச் சவத்துக் கண்ணு அந்தப் பாதியை வச்சு அவளையேதான் கண்டுபிடிக்கும். திருச்சியில பாதி பிடிச்சிருக்கும். மதுரையில ஒரு தடவை, கோவில்பட்டியில ஒரு தடவை பஸ் நிக்கும். இறங்கி ஏறினா முழுசாப் பிடிச்சிரும். உடனே அவ அண்ணனுக்குச் சேதி போயிரும்."

"தடுக்க வழியே கெடையாதா?"

எனக்கு எரிச்சலாக வந்தது. என்மேல் இருந்த கோபத்தை அந்த அம்மாமேல் காட்டினேன்.

"ஒரே ஒரு வழி இருக்கு. அவ அங்க நடக்கும்போதே ஊர்லயும் நடக்கணும். ஒரே ஆளு ரெண்டு இடத்துல தெரிஞ்சா அதுக்குச் சந்தேகம் வந்துரும், வாயைத் திறக்காது. தப்பாச் சேதி அனுப்பிக் கோர்ட்டுல குட்டு வாங்கினதுல இருந்து கவர்மெண்டுக்காரன் அப்படி வச்சிருக்கான். முடியுமா? ஒருத்தி ரெண்டு ஊர்ல நடக்க முடியுமா?"

"எத்தனை மணிக்கு வந்து சேருவா?"

"அஞ்சாவும்."

"சரி. நான் பாத்துக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டு அந்த அம்மா போனை வைத்துவிட்டார்.

என்னத்தைப் பார்த்துக்கொள்வார்? சாமி கும்பிடுவார் என்று நினைத்தேன். அடுத்த பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, மடியில் போனை வைத்துக்கொண்டு, வழி நெடுக அமலியின் முகத்தையே நினைத்துக்கொண்டு வந்தேன். முகமே நினைவில் நிற்காதவனுக்கு அந்த ஒரு முகம் மட்டும் அப்படியே நின்றது.

ஐந்தரைக்குச் சேதி வந்தது. 'மரத்துக்குத் தண்ணி ஊத்தியாச்சு. அண்ணன் கேரம் ஆடிக்கொண்டிருக்கிறான்.'

பஸ்ஸிலேயே வாய்விட்டு அழுதேன். பக்கத்து சீட்டுக்காரர் வீட்டில் ஏதும் துக்கமா என்று கேட்டார். கண்ணுக்கு ஏதோ கோளாறு, நம் நல்ல நேரம் என்று முடிவு செய்துகொண்டேன். அதற்குமேல் யோசிக்கவில்லை. குளோரிக்கு மறுநாளே வேறு ஜோடி தைத்து மண்டபத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

இரண்டரை மாதம் கழித்துச் செண்பகம் கடைக்கு வந்தாள். கையைப் பிடித்து ஒரு அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். வழக்கம்போல் வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே வந்தாள். என்னைத் தெரியாதவள் மாதிரி, "வணக்கம். எங்க அம்மா, பிரம்மசக்தி. சுகர் இருக்கு. கால்ல ஆபரேஷன் ஆயிருக்கு" என்றாள். நானும் தெரியாதவன் மாதிரி ஸ்டூலை இழுத்துப் போட்டேன்.

கட்டைப் பிரித்தேன். வலது காலில் பெருவிரலும் அடுத்த விரலும் இல்லை.

"இப்படி ஆகுற வரைக்கும் என்ன செஞ்சீங்க?" என்று வழக்கம்போல எரிந்து விழுந்தேன்.

செண்பகம்தான் பதில் சொன்னாள். "நான் ஊர்ல இல்லாத நாள், சார். ஸ்கேன் சென்டர்ல ரெண்டு நாள் டியூட்டி." சொல்லும்போது என் கண்ணைப் பார்க்கவில்லை. "என் பழைய செருப்பைப் போட்டுக்கிட்டு வெளிய போயிருக்காங்க. அது அவங்களுக்கு ரெண்டு சைஸ் சின்னது. கடைத்தெருவுக்கும் வீட்டுக்குமா மத்தியானத்துல இருந்து சாயங்காலம் வரைக்கும் நடந்திருக்காங்க. என்ன வெயிலு அன்னைக்கு! எதுக்குன்னு கேட்டா, வேண்டுதல்ங்காங்க. கால் மரத்துக் கெடக்கே, புண்ணானது எப்படித் தெரியும்?"

துணைக்கண் அன்றைக்கு வாயைத் திறக்காததற்குக் காரணம் என் மடியில் இருந்தது.

இரண்டு வருஷம் தேய்ந்த செருப்பில் அதைப் போட்டவளின் நடை அப்படியே பள்ளமாகப் பதிந்திருக்கும். எனக்குத் தெரியாததா? தாயின் காலும் மகளின் காலும் ஒரே வார்ப்பு என்பதும் தெரியாததா? மெத்தையில் இரண்டே இடத்தில் இழைத்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். நானெல்லாம் காலைப் பார்த்து ஆளைச் சொல்கிறவனாம்.

"ஆட்டோ கூட்டிட்டு வாரேம்மா, உக்காந்திரு" என்று, நான் அளவெடுத்து முடித்ததும் செண்பகம் சொல்லிவிட்டு எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனாள்.

நான் தலை நிமிர்ந்து அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். ஏழு வருஷத்தில் நான் போட்ட விதிகளில் முதன்மையானது, இரவல் கொடுத்தவரும் வாங்கியவரும் ஒருவரை ஒருவர் அறியக் கூடாது என்பது.

"போன்ல பேசினது நீங்கதான" என்றேன்.

"குரலை வச்சே எனக்குத் தெரிஞ்சிட்டு, அண்ணாச்சி" என்றார் பிரம்மசக்தி. "அவ பையில உங்க கடைச் சீட்டு இருக்கத பாத்தேன். சீக்கு இல்லாத பிள்ளைக்கு இது என்னத்துக்குன்னு முகாம்ல நர்ஸம்மாட்ட கேட்டேன். அவ்வோ சொல்ல மாட்டேன்னுட்டாவ. நானும் விடலை. நாலு நாள் பின்னாலயே அலைஞ்சேன். பொறவு, 'உங்க நடையைக் குடுக்கியளா'ன்னு மட்டும் கேட்டாவ."

"மகளைப் பத்தித் தெரியுமா?"

"பத்து வருஷமாத் தெரியும். நான் கேட்டா அவ பொய் சொல்லணும். எதுக்குப் பிள்ளையைப் பொய் சொல்ல வைக்கணும்? அவன் கண்ணு போட்டப்ப என்னால தடுக்க முடியலை. இதாவது செய்வோம்னு பாத்தேன்." கொஞ்சம் தயங்கினார். "ஒண்ணு கேக்கேன், தப்பா நெனைக்காதீங்க. அங்க ஆட்டம் பாட்டெல்லாம் உண்டுமாமே. எம் பிள்ளை ஆடினாளா? என் நடையைப் போட்டுக்கிட்டு எப்படி ஆடினா? எனக்கு ஆடவே வராதே."

பொய் சொல்லியிருக்கலாம். அந்தக் காலை என் மடியில் வைத்துக்கொண்டு பொய் சொல்ல வரவில்லை.

"உங்க நடையில ஆடலை. செருப்பைக் கழட்டிப் போட்டுட்டு, அவ சொந்தக் கால்லதான் ஆடினா. அதுலதான் செருப்பு மாறிப்போச்சு. கழட்டச் சொன்னது நான். செத்துப்போன ஒரு பிள்ளைக்கு விளக்கேத்தினோம். உங்க விரல் போனது என்னாலதாம்மா."

என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது.

"விளக்குக்கு முன்னால செருப்புக் காலோட யாரு நிப்பா?" என்றார். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நல்லா ஆடினாளா?" என்று மறுபடியும் கேட்டார்.

"அப்படி ஒரு ஆட்டம் நான் பாத்ததில்லை."

"இது அவளுக்குத் தெரிய வேண்டாம். எங் காலைப் பாக்கும்போதெல்லாம் அழுவா."

சத்தியம் செய்து கொடுத்தேன்.

ஆட்டோ வந்தது. இருவருமாகத் தாங்கி அவரைக் கொண்டுபோய் உட்கார வைத்தோம். மருந்துச் சீட்டை மறந்துவிட்டதாகச் சொல்லிச் செண்பகம் மட்டும் திரும்பி வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"அண்ணாச்சி, அடுத்த வருஷமும் எனக்கு அதே ஆளோட நடை கிடைக்குமா?"

"கிடைக்காது. அந்த நடை இப்ப மாறிட்டு. புதுசாப் பதியணும்."

"ஐயோ, என்ன ஆச்சு அவங்களுக்கு? நல்லா இருக்காங்களா?" அவள் முகம் வாடிவிட்டது. "தினமும் அவங்களை நெனைச்சுக்கிடுவேன். எங்க வீட்டுல என்னைப் புரிஞ்சுக்கிட ஒரு நாதி கெடையாது. பெத்தவங்க, கூடப்பிறந்தவங்க செய்யாததை, யாருன்னே தெரியாத ஒருத்தங்க செஞ்சிருக்காங்க பாருங்க."

ஏழு வருஷத்தில் அந்த விளக்கு நாளைத் தவிர ஒரு விதியையும் நான் மீறியதில்லை. சத்தியம் செய்து ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. சொல்வது சரியா தப்பா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"நல்லாத்தான் இருக்காவ. வெளிய ஆட்டோவுல உனக்காகக் காத்துக்கிட்டு இருக்காவ" என்றேன்.

அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. சீட்டை மேஜைமேலேயே போட்டுவிட்டுத் தெருவில் ஓடினாள். ஆட்டோ கிளம்பும் சத்தம் ரொம்ப நேரம் கேட்கவில்லை. பிறகு கேட்டது.

நான் எழுந்து வாசலுக்குப் போனேன். செண்பகத்தின் செருப்பு படியோரமாகக் கிடந்தது. எடுத்துத் துடைத்து, அந்த அம்மாவின் புதுச் செருப்பு வாங்க வரும்போது கொடுத்துக்கொள்ளலாம் என்று உள்ளே வைத்தேன்.